கார் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா? எதைத் தொடலாம், எதை மெக்கானிக்கிடம் விடலாம்

8 அக்டோபர் 2023, காலை

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2015 ஸ்விஃப்ட் பெட்ரோல். வாரன்டி எப்போதோ முடிந்துவிட்டது. சென்னையில் அபார்ட்மென்ட் பார்க்கிங். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பில் ஏறிக்கொண்டே போகிறது. ஆயில், ஃபில்டரை நானே மாற்றினால் எவ்வளவு மிச்சமாகும்?"

என்னிடமும் அதே வண்டி, அதே வருஷம்தான். தாராளமாக மாற்றலாம். ஆனால் மிச்சம் ஒன்றுக்காக மட்டும் இறங்காதீர்கள். பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். ஆயில், ஃபில்டர், டிரெயின் வாஷர் (ஆயில் வடிக்கும் போல்ட்டுக்கான வளையம்) மூன்றையும் கடையில் நீங்கள் வாங்கினாலும் அந்தக் காசைக் கொடுத்தே ஆக வேண்டும். மிஞ்சுவது லேபர் மட்டும். பில்லை ஏற்றிவிடுவது வேறு வரிகள்: த்ராட்டில் பாடி கிளீனிங், எஞ்சின் டிரெஸ்ஸிங், ஏசி ட்ரீட்மென்ட், அண்டர்பாடி கோட்டிங். இதில் இந்தத் தடவை எது வேண்டும், எது வேண்டாம் என்று கவுன்டரில் நின்று சொல்ல முடிந்தால் அதுதான் பெரிய மிச்சம். அதற்கு ஸ்பேனர் வேண்டாம். பானெட்டைத் திறந்து பார்க்கிற பழக்கம் போதும்.

என் அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆயில், தண்ணி, காத்து, இந்த மூன்றையும் பார்க்காமல் வண்டியை வெளியே விடக் கூடாது என்பார். நான் காரை வாங்கிய அன்று அவர் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான், ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன்பே.

8 அக்டோபர், இரவு

"என்னதான் பார்ப்பது?" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியை எடுப்பதற்கு முன், நான் செய்வது இது.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடியிருந்தால் அணைத்து ஐந்து நிமிஷமாவது விட்டுவிடுங்கள், மேலே இருக்கிற ஆயில் கீழே இறங்கட்டும். ஆயில் அளவு காட்டும் கம்பியை, அதாவது டிப்ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, முழுசாக உள்ளே விட்டு, மறுபடி உருவுங்கள். முதல் உருவலை நம்பக் கூடாது, குழாயில் ஒட்டியிருக்கும் ஆயில் நுனியெல்லாம் பூசியிருக்கும். இரண்டு குறிகளுக்கு நடுவே எங்கிருந்தாலும் சரி. மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான்.

நிறம் கருப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம். கரியைத் தன்னோடு சேர்த்துச் சுமப்பது ஆயிலின் வேலை. நான் பார்ப்பது அளவைத்தான், அதுவும் போன வாரத்தை விட இறங்கியிருக்கிறதா என்று. இறங்கியிருந்தால் எங்கேயோ கசிகிறது, இல்லையென்றால் எரிகிறது.

அடுத்து கூலன்ட் டப்பா. வெளியிலிருந்தே தெரியும், எஞ்சின் ஆறியிருக்கும்போது லோ, ஃபுல் கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். அப்புறம் பிரேக் ஆயில் டப்பா, டயர், வண்டி நின்ற இடத்தில் தரை. தரையில் நேற்று இல்லாத ஈரம் இருந்தால் விரலால் தொட்டுப் பார்க்கவும். ஏசி தண்ணீருக்கு நிறமும் கிடையாது, வழவழப்பும் கிடையாது. வேறு எதுவாக இருந்தாலும் காரணம் தேட வேண்டும்.

10 அக்டோபர் 2023

"நான் வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன், 10,000 ஆகும் வரை ஆயில் மாற்ற வேண்டாம்தானே?"

வேண்டும். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. காய்கறி வாங்க, பிள்ளையை ஸ்கூலில் விட என்று கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில் ஆயில் முழுசாகச் சூடேறுவதே இல்லை. எரிந்த வாயுவோடு வரும் ஈரமும், எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். ஹைவேயில் 10,000 ஓடிய ஆயிலை விட அடையாறுக்கும் திருவான்மியூருக்கும் நடுவே 4,000 ஓடிய ஆயில் மோசமாக இருக்கலாம்.

15 அக்டோபர் 2023

சரி, ஆயில் மாற்றும் கதைக்கு வருகிறேன். இதை நீளமாகவே எழுதப் போகிறேன், இதில்தான் உயிர்ப் பயம் இருக்கிறது.

காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும். அதன் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ விடவே கூடாது. ஒரு நிமிஷ வேலைதானே என்றும் வேண்டாம். செங்கல், கருங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்கக் கூடாது. கல் எச்சரிக்கை கொடுக்காமல் ஒரேயடியாக உடையும். பார்க்கிங்கில் பதித்திருக்கும் வழவழப்பான டைல்ஸ் மீது ஜாக்கி வழுக்கும். ஜாக் ஸ்டாண்ட் ஒரு ஜோடி வாங்குங்கள், முடியாவிட்டால் அடியில் போகும் வேலையே வேண்டாம். ஹேண்ட்பிரேக், முதல் கியர், தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. ஸ்டாண்டில் இறக்கிய பிறகு வண்டியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அதற்கு மேல், கழற்றிய ஸ்டெப்னியைப் பக்கவாட்டுச் சட்டத்துக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டுத்தான் நான் உள்ளே போவேன்.

எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓட விட்டு, ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போது வடிக்கவும். கொதிக்கும்போது வேண்டாம். டிரெயின் போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்திய பிறகு கடைசிச் சுற்றுகளைக் கையாலேயே, போல்ட்டை உள்பக்கம் அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். மரை விட்டதும் சட்டென்று கையை விலக்கினால் முழங்கை வரை வழியாது.

ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்திருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் புதிய ஃபில்டரைப் போட்டால் இரண்டு வளையத்துக்கும் நடுவே ஆயில் பீய்ச்சிவிடும். புதிய வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டதிலிருந்து முக்கால் சுற்று. அவ்வளவுதான். டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள், முழு பலத்தையும் அதன் மேல் காட்டாதீர்கள், மரை போய்விட்டால் செலவு பெரிது.

இந்த எஞ்சினுக்கு மூன்று லிட்டரும் கொஞ்சமும் பிடிக்கும். சரியான அளவு கையேட்டில் இருக்கிறது. முதலில் குறைவாகவே ஊற்றி, ஸ்டார்ட் செய்து, சிவப்பு ஆயில் விளக்கு சில விநாடியில் அணைகிறதா பார்த்து, அணைத்து, ஐந்து நிமிஷம் விட்டு, டிப்ஸ்டிக் பார்த்து மீதியை ஊற்றவும்.

15 அக்டோபர், மாலை

ஆயில் கிரேடு பற்றி விட்டுப்போனது. சென்னை வெயிலுக்குக் கெட்டியான 20டபிள்யூ-50 போடச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. வெளியே 40 டிகிரி அடித்தாலும் சூடான எஞ்சினுக்குள் ஆயில் 100 டிகிரி பக்கம்தான் இருக்கும். 5டபிள்யூ-30 என்பதில் அந்த 30 என்பதே 100 டிகிரியில் அளந்து கொடுப்பது. நம் ஊர் வெயில் அதில் பெரிய வித்தியாசம் செய்யாது. கையேட்டில் 5டபிள்யூ-30 என்றால் அதையே போடுங்கள். கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே போய்ச் சேரத் தாமதமாகும், தேய்மானம் அதிகம் நடப்பது அந்த நேரத்தில்தான்.

16 அக்டோபர் 2023

கழிவு ஆயிலைப் பற்றிக் கேட்டவருக்கு: சாக்கடையிலோ மரத்தடியிலோ தயவுசெய்து ஊற்றாதீர்கள். 2016ஆம் வருஷத்து அபாயக் கழிவு விதிகளில் இதற்கும் இடம் உண்டு. ஊரில் கரையானுக்குக் கதவு நிலையில் தடவுவார்கள், கேன்சர் வரவைக்கும் பொருட்கள் உள்ள திரவம் அது, வீட்டுக்குள் வேண்டாம். புது ஆயில் வந்த கேனிலேயே பழையதை நிரப்பி, தெருமுனை மெக்கானிக்கிடம் கொடுத்தால் அவர் தன் பேரலில் சேர்த்துக்கொள்வார். பேரலை எடுத்துப் போக ஆள் வரும்.

23 அக்டோபர் 2023

ஆயுத பூஜை. எல்லோரும் வண்டி கழுவுகிற நாள் என்பதால் ஒன்று. பானெட்டுக்குள் பிரஷர் வாஷர் அடிக்காதீர்கள். கனெக்டர்களிலும் பிளக் குழிகளிலும் தண்ணீர் நின்றால் நாளைக்கு எஞ்சின் உதறும். ஈரத்துணியால் துடைத்தால் போதும், திருப்பூர் பனியன் வேஸ்ட் கிலோ கணக்கில் கிடைக்கிறது.

எங்கள் வீட்டில் அப்பா டூல் பாக்ஸுக்கும் சேர்த்துப் பொட்டு வைத்தார். கார் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியின் பக்கச் சுவரையும் குனிந்து பார்த்து, "இது 2315, மாத்தணும்மா" என்றார். டயரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்கள்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2015ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்த ஸ்டெப்னி. ஓடவே இல்லை, பட்டன் நன்றாக இருக்கிறது, ஆனால் ரப்பர் ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள். ஓடும் டயர்களுக்குப் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. பள்ளத்துக்குள்ளே சின்ன மேடு இருக்கும், தேய்மானம் அதுவரை வந்துவிட்டால் மாற்றும் நேரம்.

வாழ்த்துகள் எல்லோருக்கும்.

7 டிசம்பர் 2023

மின்சாரம் இப்போதுதான் வந்தது. வேளச்சேரியில் இருக்கிறோம், மிக்ஜாம் புயல் மழையில் பார்க்கிங்கில் தண்ணீர் ஏறிவிட்டது. எழுதத் தாமதித்தால் யாராவது சாவியைத் திருப்பிவிடுவார்கள் என்பதால் முதலில் இதை மட்டும்.

தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். இக்னிஷனைக் கூடப் போடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாது, தண்ணீர் சுருங்காது. கனெக்டிங் ராட் வளையும், சில சமயம் எஞ்சின் பிளாக்கே உடையும். தண்ணீர் வடிந்ததும் பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பிறகு டிப்ஸ்டிக். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஃபில்டர் நனைந்திருக்கிறதா பாருங்கள். இரண்டில் எது ஆம் என்றாலும் டோ செய்துதான் எடுத்துப் போக வேண்டும். தண்ணீர் எந்த உயரம் வரை ஏறியது என்று தெரியும்படி ஃபோட்டோ எடுத்து வையுங்கள், இன்ஷூரன்ஸுக்கு வேண்டும்.

12 டிசம்பர் 2023

எங்கள் வண்டி தப்பித்தது. தண்ணீர் கதவு அடிப்பக்கத்தோடு நின்றது, ஏர் ஃபில்டர் காய்ந்தே இருந்தது. கார்ப்பெட்டை மட்டும் கழற்றிக் காய வைத்திருக்கிறோம். கீழ்த்தளத்தில் ஒருவர் வண்டி எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு தடவை சாவியைத் திருப்பியிருக்கிறார். எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி எடுத்தவருக்கு, தண்ணீரில் ஸ்டார்ட் செய்து போன எஞ்சினுக்குப் பணம் வருவது கஷ்டம். எஞ்சின் புரொடெக்ட் என்று தனி ஆட்-ஆன் இருக்கிறது. நம் ஊரில் அதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது.

தண்ணீரில் நின்ற வண்டியை எடுத்ததும் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாகப் பல தடவை மிதித்துக் காய வையுங்கள்.

21 ஜனவரி 2024

பேட்டரி. குளிர் நாட்டில் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு குளிர்காலத்தில் பேட்டரி போகும் என்று நினைக்கிறோம். இங்கே அதைத் தின்பது வெயில். சூட்டில் உள்ளே அரிப்பும் வேகமாக நடக்கும், தண்ணீரும் வேகமாக வற்றும்.

சாதாரண மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8இலிருந்து 14.5 வரை இருக்க வேண்டும், அது இல்லையென்றால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் அதற்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். புதுசு வாங்கு என்று யாராவது சொல்லும்போது இந்த மூன்று எண்களும் கையில் இருக்கட்டும்.

டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளையும் பச்சையுமான பொடியை வெறும் கையால் தட்டாதீர்கள். நெகட்டிவை முதலில், பாசிட்டிவை அடுத்துக் கழற்றி, ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள், நுரைத்து அடங்கும். மூடி வழியாக உள்ளே போய்விடக் கூடாது. துடைத்து, மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். மேலே கொஞ்சம் வாசலின்.

22 ஜனவரி 2024

நேற்று எழுதியதோடு சேர்க்க: மூடி திறக்கும் பேட்டரி என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றவும். ஆர்ஓ தண்ணீர் வேண்டாம். மூடியே இல்லாத பேட்டரி என்றால் தண்ணீர் பேச்சே இல்லை, வோல்ட்டை மட்டும் பார்க்கவும்.

எலி பற்றிக் கேட்டவருக்கு: புகையிலைக் கட்டு வைத்தால் வாசனை இருக்கும் வரை பலன் தெரிகிறது, அப்புறம் புதுசு வைக்க வேண்டும். அந்துருண்டை வைத்தால் அந்த நெடி ஏசி வழியாக உள்ளே வரும், பிள்ளைகள் இருக்கும் வண்டியில் வேண்டாம். எல்லாவற்றையும் விட உதவுவது வாரா வாரம் பானெட்டைத் திறப்பதுதான். வயரைக் கடிக்கும் முன் எலி புழுக்கை போடும், கூட்டுக்குத் துணியும் பேப்பரும் சேர்க்கும். அது கண்ணில் பட்டுவிடும்.

10 மார்ச் 2024

எதிர் வீட்டுத் தம்பி டிப்ளமோ படிக்கிறான், அதே மாடல் வண்டி. "அக்கா, சிக்னல்ல நிக்கும்போது வண்டி உதறுது, எஞ்சின் லைட் மினுக்குது" என்று வந்தான். மினுக்கினால் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்4 (புகை விதி) கார்களில், எஞ்சின் கோளாறைப் படிக்க ஓபிடி-2 சாக்கெட் இருக்கும், ஸ்டீயரிங்குக்குக் கீழே. சின்ன ப்ளூடூத் ரீடரை மாட்டி ஃபோனில் பார்த்தோம். பி0302 என்ற கோளாறு எண் காட்டியது. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக்கா, அதற்கு மின்சாரம் தரும் காயிலா, பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரா? இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் காயில். ஆறிய எஞ்சினில் இரண்டாவது காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றி மாட்டச் சொன்னேன். அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் பி0303 வந்தது. கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது, ஆக காயில்தான். கழற்றியது காயிலுக்கு ஒரு போல்ட், ஒரு கனெக்டர், அவ்வளவே. ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டில் ஒரிஜினல் காயில் ஒன்று வாங்கினான். நாலையும் மாற்றச் சொல்லிக் கேட்டிருந்தார்கள் அவனிடம்.

அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்று சாயங்காலமே என் ரீடரைக் கடன் வாங்கிப் போய்விட்டான்.

11 மார்ச் 2024

வெளியே வாங்கும் பார்ட்ஸ் பற்றி. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது, ஸ்பேர் பார்ட்ஸையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளிச் சந்தையில் கிடைக்க விடவில்லை என்று. மேல்முறையீடு என்று வழக்கு நீண்டது. எனக்கு அது முக்கியமான உத்தரவு: வண்டியை யாரிடம் பழுது பார்ப்பது என்பது வாங்கியவன் உரிமை என்ற பேச்சு அதில் அடிப்படையாக இருந்தது. வாரன்டிக்குள் இருக்கும் வண்டியில் மட்டும் அவசரப்படாதீர்கள், நிபந்தனைகளைப் படித்துவிட்டு இறங்குங்கள்.

12 மே 2024

கத்திரி வெயில். ஏசி குளிரவில்லை என்று கேஸ் நிரப்பப் போவதற்கு முன் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். கிளவ் பாக்ஸைக் காலி செய்து, இரு பக்கமும் உள்ளே அழுத்தினால் கீழே தொங்கும். பின்னால் ஒரு நீள மூடி. ஃபில்டரை மெதுவாக இழுங்கள். எங்கள் வண்டியில் மடிப்புக்கு மடிப்பு வேப்பம்பூவும் செம்மண் தூசியும். பேப்பர் ஃபில்டரைக் கழுவ வேண்டாம், தட்டிப் பார்த்து மாற்றிவிடுங்கள். போடும்போது காற்று போகும் திசைக்கான அம்புக்குறியைப் பார்க்கவும்.

கூலன்ட் டப்பாவில் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். நம் பகுதி உப்பு தெரிந்ததுதானே, குக்கரில் படிவது ரேடியேட்டரிலும் படியும். கலந்தே விற்கும் கூலன்ட் வாங்குங்கள், அல்லது கையேட்டில் சொன்ன விகிதத்தில் டிஸ்டில்டு வாட்டர் கலந்து. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருப்பது முகத்துக்கு வரும்.

டயர் காற்றை வண்டி ஆறியிருக்கும்போது பிடிக்கவும். எவ்வளவு என்று டிரைவர் கதவுப் பக்கத்துத் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். வெயில்காலம் என்று அதற்குக் கீழே குறைப்பவர்கள் இருக்கிறார்கள். குறைந்த காற்றில் டயர் அதிகமாக வளைந்து இன்னும் சூடாகும், வெடிப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

2 ஜூன் 2024

"பிரேக் பேட் நானே மாற்றலாமா" என்று இரண்டு தடவை கேட்டாயிற்று. என் பதில்: பாருங்கள், தொடாதீர்கள். அப்பாவே பக்கத்தில் இருந்தும் நான் இதில் கை வைப்பதில்லை.

பார்ப்பதில் நிறைய இருக்கிறது. பிரேக் ஆயில் அளவு மெல்ல இறங்கினால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய, அதை அழுத்தும் காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஊற்றிவிட்டால் அந்தத் துப்பு மறைந்துவிடும். முதலில் பேட் தடிமனைப் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று இறங்கினால் கசிவு, வண்டியை எடுக்கவே கூடாது.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய நிலையில் 155 டிகிரிதான் உத்தரவாதம். ஏற்காடு, கொல்லிமலை இறங்கும்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெடலில் தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். பில்லில் இந்த வரி வந்தால் மறுக்காமல் கொடுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவவும்.

18 ஆகஸ்ட் 2024

இந்த இழையைத் தொடங்கிய வாசகர் எழுதியிருக்கிறார். சர்வீஸுக்கு விட்டபோது இரண்டு வரிகளை வேண்டாம் என்று சொல்லி, பிரேக் ஆயிலை மட்டும் தானே கேட்டு மாற்றியிருக்கிறார். ஆயில் மாற்றும் வேலையை இன்னும் தொடவில்லை, ஜாக் ஸ்டாண்ட் வைக்க இடம் இல்லையாம். ரொம்ப சரி. அவர் இப்போது ஸ்பார்க் பிளக்கைத் தானே மாற்றப் போவதாகக் கேட்கிறார்.

இதற்கு வண்டிக்கு அடியில் போக வேண்டாம், நல்ல தேர்வு. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கட்டும், சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை போகும். காயிலை எடுத்ததும் குழிக்குள் இருக்கும் மண்ணைக் காற்றடித்து வெளியேற்றிவிட்டு அப்புறம் பிளக்கைத் திருகவும், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். புதுசை ஸ்பேனர் இல்லாமல், எக்ஸ்டென்ஷன் ராடை விரலால் பிடித்துத் திருகி இறக்குங்கள். தடங்கினால் பலம் கொடுக்காமல் பின்னால் எடுத்து மறுபடி ஆரம்பியுங்கள். உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனர், அதுவும் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு மட்டும்.

பழைய பிளக் நான்கையும் சிலிண்டர் வரிசைப்படி டைமிங் செயின் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று ஒரு பேப்பரில் வையுங்கள். நுனி நான்கிலும் ஒரே வெளிர் பழுப்பு என்றால் கவலை இல்லை. ஒன்று மட்டும் கருத்து ஈரமாக இருந்தால் அந்த ஒன்றின் ஃபோட்டோவை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.